கடைமடையிலிருந்து ஏழாவது மலைக்கு

கல்லணையில் பிரிகிற கல்லணைக் கால்வாய் தஞ்சை மண்ணைக் கடந்து 148 கிலோமீட்டர் ஓடி, புதுக்கோட்டை மாவட்டத்து மும்பாலை ஏரியில் முடிகிறது. அறந்தாங்கி, நாகுடி, ஆவுடையார்கோவில் பக்கத்து விவசாயிகள் தங்களைக் கடைமடைக்காரர்கள் என்று சொல்லிக்கொள்வது இதனால்தான். மேட்டூரில் தண்ணீர் திறந்தார்கள் என்ற செய்தி வந்த பிறகும் நாட்களை எண்ணிக் காத்திருந்து, மடையில் நுரை தள்ளி வரும் முதல் தண்ணீரை நெல்லும் பூவும் தூவி வரவேற்கிற மண் இது.

அந்தத் தண்ணீர் முழுவதும் மேட்டூரிலிருந்து வருவதல்ல. மேட்டூருக்குக் கீழே பவானி, நொய்யல், அமராவதி மூன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து இறங்கிக் காவிரியில் கலக்கின்றன. இவற்றில் நொய்யல் பிறப்பது கோவைக்கு மேற்கே, வெள்ளியங்கிரி மலைத்தொடரில். கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்ற ஊருக்கு அருகிலேயே காவிரியைச் சேர்கிறது. அதன் பங்கு சிறியது. இன்று நகரச் சாக்கடையும் சாயக்கழிவும் சுமந்து வருகிற ஆறு அது. ஆனாலும் வெள்ளியங்கிரிப் புல்வெளியில் விழும் ஒரு துளி மழைக்குக் காவிரி வழியாக, கல்லணை வழியாக, எங்கள் வயலுக்கு வந்து சேர ஒரு பாதை இருக்கிறது. வெள்ளியங்கிரியைப் பற்றி இந்தக் கடற்கரைச் சமவெளியிலிருந்து எழுதுவதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். அது அடுத்தவர் மலையல்ல.

ஆவுடையார்கோவிலில் நின்று நாலு திசையும் பார்த்தால் மலை என்று ஒன்று கண்ணில் படாது. கண்மாய்க் கரைதான் மேடு, கோயில் கோபுரந்தான் உயரம். வெள்ளாற்றங்கரையின் இந்தத் தட்டை நிலத்திலிருந்துதான் ஒவ்வொரு கோடையிலும் இளைஞர்களும் நடுவயதுக்காரர்களும் வேன் பிடித்து, அறந்தாங்கி, புதுக்கோட்டை, திருச்சி, கரூர் என்று முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், தென்கயிலாயம் என்று பக்தர்கள் அழைக்கும் அந்த மலையில் ஏறுகிறார்கள். ஒருபோகச் சம்பா பூமி இது. தையிலும் மாசியிலும் அறுப்பு முடிந்தால் மறுபடி தண்ணீர் வரும்வரை வயலில் பெரிய வேலை இல்லை. வெள்ளியங்கிரியும் பிப்ரவரியிலிருந்து மே வரைதான் பக்தர்களுக்குத் திறந்திருக்கிறது. அதன் பிறகு தென்மேற்குப் பருவமழை, வழுக்குப் பாறை, மூடுபனி, யானை நடமாட்டம். வயலின் ஓய்வும் மலையின் திறப்பும் ஒரே மாதங்களில் வருகின்றன. வெயில் உச்சத்தில் இருக்கும் மாதங்களும், காடு காய்ந்து நிற்கும் மாதங்களும் அவைதான்.

ஏழு மலை

கோவையிலிருந்து பேரூர், ஆலாந்துறை வழியாகப் போனால் ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டரில் பூண்டி. அங்கே வெள்ளியங்கிரி ஆண்டவர் அடிவாரக் கோயில். அதன் பின்னாலிருந்து பாதை தொடங்குகிறது. காடு வனத்துறையின் போளுவாம்பட்டிச் சரகத்தைச் சேர்ந்தது. ஆளுக்கொரு மூங்கில் தடியை வாங்கிக்கொண்டுதான் ஏறுகிறார்கள். அந்தத் தடியை அலட்சியமாக நினைத்து அடிவாரத்தில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் இறங்கும்போது அதன் அருமையை உணர்வார்கள்.

போக ஏறக்குறைய ஆறு கிலோமீட்டர், வர அதே ஆறு. எண்ணிக்கையில் சின்னதாகத் தெரியும். ஆவுடையார்கோவிலில் கண்மாய்க் கரையில் ஆறு கிலோமீட்டரை ஒன்றேகால் மணி நேரத்தில் நடந்துவிடுகிறவருக்கு இது ஒரு பொருட்டா என்று தோன்றும். ஆனால் அந்த ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருக்கிறது. உச்சி கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடியை நெருங்குகிறது. சாதாரண உடல்வாகு உள்ளவருக்கு ஏற நாலு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். இறங்கவும் மூன்று, நாலு மணி நேரம் வேண்டும்.

முதல் மலைதான் பலரை உடைக்கிறது. கல்படி, ஒரே ஏற்றம், காற்று புகாத மரச்செறிவு. வந்த உற்சாகத்தில் வேகமாக ஏறுகிறவர்கள் வெள்ளை விநாயகர் கோயிலுக்கு வந்து சேரும்போது மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டாவது மலையில் பாம்பாட்டிச் சுனை. மூன்றாவதில் கைதட்டிச் சுனை. கையைத் தட்டினால் நீர் சுரக்கும் என்பது நம்பிக்கை. கோடையின் கடைசியில் சுனைகளில் நீர் மெலிந்துவிடும் என்பதால் நம்பிக்கையோடு இரண்டு லிட்டர் தண்ணீரையும் கொண்டுபோவது நல்லது. நாலாவது திருநீற்று மலை. அங்குள்ள வெள்ளை மண்ணைப் பக்தர்கள் நெற்றியில் இட்டுக்கொள்கிறார்கள். அடுத்தது பீமன் களியுருண்டை என்ற பெரும்பாறை நிற்கும் மலை. இதற்குள் மரங்கள் குறைந்து புல்வெளி விரிந்துவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த பகுதிகளுக்கே உரிய அமைப்பு அது: மேட்டில் புல், மடிப்புகளில் சோலைக்காடு. புல்லும் சோலையும் மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு கசியவிடுவதால்தான் கோடையிலும் சுனைகளில் ஈரம் மிஞ்சுகிறது.

ஆறாவது மலையில் பாதை ஆண்டி சுனைக்கு இறங்குகிறது. குளிர்ந்த நீரில் குளித்துவிட்டு ஏழாவது மலையில் ஏறுவார்கள். அது செங்குத்து. கால்கள் ஏற்கெனவே ஓய்ந்துபோன நேரத்தில் வருகிற செங்குத்து. உச்சியில் பெரும்பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து தாமாக அமைந்த குகைக்குள் ஆண்டவர் இருக்கிறார். கோபுரமோ பிராகாரமோ கிடையாது. ஆவுடையார்கோவிலிலிருந்து போகிறவருக்கு இது புதிதாக இருக்காது. நம் ஆத்மநாதர் சந்நிதியிலும் லிங்கம் இல்லை, ஆவுடையார் மட்டுமே. நந்தி இல்லை, கொடிமரம் இல்லை. படைகல்லில் கொட்டும் சுடுசோற்றின் ஆவிதான் நிவேதனம். உருவத்தைக் குறைத்துக்கொண்ட வழிபாடு நமக்குப் பழக்கமானது.

இந்த இடத்தில் ஒரு வருத்தத்தைச் சொல்லியாக வேண்டும். பத்து வயதுக்கு மேல் ஐம்பது வயதுக்குட்பட்ட பெண்கள் மலை ஏறுவதில்லை என்ற வழக்கம் வெள்ளியங்கிரியில் இருந்துவருகிறது. வேனில் குடும்பமாக வந்து, பெண்கள் அடிவாரத்தோடு நின்றுவிட நேர்வது என் மனத்துக்கு உவப்பாக இல்லை. நாற்று நடவிலும் களையெடுப்பிலும் நாள் முழுக்கக் குனிந்து நிமிரும் நம் ஊர்ப் பெண்களின் உடல்வலுவைப் பார்த்தவர்களுக்கு, அவர்களால் ஏற முடியும் என்பதில் சந்தேகம் வராது.

“பக்கந்தான் சாமி”

மலையில் எல்லோரும் எல்லோருக்கும் சாமி. ஏறுகிறவர், “இன்னும் எவ்வளவு தூரம் சாமி?” என்று கேட்பார். இறங்கி வருகிறவர், “இதோ, பக்கந்தான் சாமி, போயிரலாம்” என்பார். இரண்டாவது மலையிலும் இதே பதில், ஐந்தாவது மலையிலும் இதே பதில். அன்பில் வருகிற சொல் அது. ஆனால் அதைக் கேட்டு எழுந்து நடக்கிறவருக்கு நெஞ்சில் என்ன நடக்கிறது என்று சொன்னவருக்குத் தெரியாது.

2024 பருவத்தில் வெள்ளியங்கிரியில் பக்தர்கள் அடுத்தடுத்து உயிரிழந்த செய்திகளைப் படித்தோம். மூச்சுத் திணறல், மாரடைப்பு என்றுதான் பெரும்பாலும் வந்தது. இதய நோய், ரத்த அழுத்தம், சர்க்கரை, மூச்சுக்கோளாறு உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று வனத்துறை தொடர்ந்து சொல்லிவருகிறது. நமக்கு நோய் இருக்கிறதா என்பதே நம்மில் பலருக்குத் தெரியாது என்பதுதான் இதில் சிக்கல். நாற்பது வயது தாண்டியும் ஒருமுறைகூட ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்ளாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சமவெளி வாழ்க்கையில் இதயத்துக்கு வராத சோதனை, முதல் மலையின் படிகளில் முதல் அரை மணி நேரத்திலேயே வந்துவிடுகிறது.

தொலைவிலிருந்து போகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். இங்கிருந்து கிளம்பும் வேன் எட்டு, ஒன்பது மணி நேரம் ஓடுகிறது. உட்கார்ந்தபடியே அரைத்தூக்கம். வழியில் பரோட்டா, அல்லது விரதம் என்று வெறும் வயிறு. பூண்டியில் இறங்கியதும், வெயிலுக்குப் பயந்து இரவோடு இரவாக ஏற்றம். தூக்கமில்லாத உடல், நீர் வற்றிய ரத்தம், இருட்டில் முன்னால் போகிறவரின் வேகம். இதயத்துக்கு இதைவிட மோசமான சேர்க்கையை யோசித்தாலும் அமைக்க முடியாது. சர்க்கரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு விரதத்தோடு ஏறுகிறவருக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் ஆபத்து வேறு. உச்சியில் இன்னொன்று காத்திருக்கிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு வெப்பம் ஆறு, ஏழு டிகிரி குறையும். வேர்வையில் நனைந்த சட்டையோடு விடியற்காலைக் காற்றில் நின்றால் உடம்பு நடுங்கத் தொடங்கிவிடும். ஏப்ரல், மே மாதங்களில் கோடை இடிமழையும் சேர்ந்துகொண்டால் பாதை வாய்க்காலாகிவிடுகிறது.

ஐந்தாவது மலையில் ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் என்ன ஆகும் என்பதை ஏறுவதற்கு முன்பே நினைத்துப் பார்க்க வேண்டும். 108 வண்டி நிற்பது அடிவாரத்தில். அங்கே வரைக்கும் டோலி கட்டி, தோளில் சுமந்து, அதே படிகளில், எதிரே ஏறி வரும் கூட்டத்தை விலக்கி இறக்க வேண்டும். மணிக்கணக்காகும். மாரடைப்பில் முதல் ஒரு மணி நேரம் எவ்வளவு முக்கியம் என்று மருத்துவர்கள் சொல்லிச் சொல்லி நமக்குத் தெரியும். ஆகவே மார்பில் இறுக்கம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வேர்வை, உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் அடங்காத மூச்சிரைப்பு, இவற்றில் எது வந்தாலும் அதற்கு மேல் ஓர் அடிகூட ஏறக் கூடாது. உடனே உட்கார வைத்து, வனத்துறைப் பணியாளருக்குத் தகவல் சொல்ல வேண்டும். உடன் வந்தவர்கள் அவரைத் தனியாக விட்டுவிட்டு, “நீ மெதுவா வா மாப்ள” என்று மேலே போகக் கூடாது.

திரும்பி வருவதில் நம்மவர்களுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. மாலை போட்டாயிற்று, ஊரில் சொல்லிவிட்டு வந்தாயிற்று, மூன்றாவது மலையில் திரும்பினால் வேண்டுதல் குறைப்பட்டுவிடுமே என்ற பயம். மற்ற ஊர்க்காரர்கள் அப்படி நினைக்கலாம். ஆவுடையார்கோவில்காரர் நினைக்க வேண்டியதில்லை. திருப்பெருந்துறை என்ற நம் ஊரின் கதையே பாதி வழியில் நின்றுபோன ஒரு பயணத்தின் கதை. குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளோடு மதுரையிலிருந்து கிளம்பிய அமைச்சர் வாதவூரர், போக வேண்டிய காரியத்துக்குப் போகவில்லை. இங்கே குருந்த மரத்தடியில் குருவைக் கண்டார், நின்றுவிட்டார், மாணிக்கவாசகரானார். எந்த எல்லையைத் தொட்டார் என்று இறைவன் அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. வெள்ளை விநாயகரைக் கும்பிட்டுவிட்டு அதோடு திரும்புகிற ஒருவரின் வேண்டுதலும் நிறைவேறியதாகவே நான் நம்புகிறேன். இதை ஊர்ப் பெரியவர்கள் வாய்விட்டுச் சொன்னால் சில உயிர்கள் தப்பும்.

காய்ந்த புல்

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் போடிக்கு மேலே குரங்கணி மலை. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கத்திலிருந்தும் மலையேற்றத்துக்கு வந்த குழுக்கள் இறங்கி வருகையில் காட்டுத்தீயில் சிக்கின. 23 பேர் இறந்தார்கள். மகளிர் தினத்தை ஒட்டி வந்த இளம்பெண்கள் பலர் அதில் இருந்தார்கள். அந்தச் செய்தியைப் படித்தவர் யாரும் அதை மறந்திருக்க முடியாது.

சமவெளிக்காரர் தீயைப் பார்த்தால் ஓடிவிடலாம் என்று நினைக்கிறார். நாம் வைக்கோல் போர் எரிவதைப் பார்த்திருக்கிறோம்; தீ நின்ற இடத்தில் எரியும், நாம் தள்ளி நிற்கலாம். சரிவில் அப்படி இல்லை. கீழே எரியும் தீயின் அனல் மேலே உள்ள புல்லை முன்கூட்டியே காய்ச்சிவிடுவதால் தீ மேல்நோக்கி மிக வேகமாகப் பாய்கிறது. ஏறி ஓடும் மனிதரால் அதை முந்த முடியாது. குரங்கணிக்குப் பிறகு தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. பாதைகளைக் கடினத்தைப் பொறுத்து வகைப்படுத்தியது. அனுமதியும் வழிகாட்டியும் கட்டாயமாயின. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளோடு ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டம் தொடங்கப்பட்டது. பழங்குடி இளைஞர்கள் அதில் வழிகாட்டிகளாக இருக்கிறார்கள். தீப்பருவத்தில் அந்தப் பாதைகள் மூடப்படுகின்றன.

எல்லை தாண்டினால் மூணாறு அருகே இரவிகுளம் தேசியப் பூங்கா. அங்கே ராஜமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் கூட்டம் கூட்டமாக வருகிறார்கள். ஆனாலும் வரையாடு குட்டி ஈனும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுகிறார்கள். ஆட்டுக்குட்டிக்காக மனிதர்கள் இரண்டு மாதம் பொறுத்துக்கொள்கிறார்கள். வெள்ளியங்கிரி தேசியப் பூங்கா அல்ல, வழிபாட்டு மலை. தீப்பருவம் முழுக்க அதை மூடச் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் எந்த மலைக்கும் ஒரு நாளைக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று உண்டு. சிவராத்திரிக்கும் பங்குனி உத்திரத்துக்கும் சித்ரா பௌர்ணமிக்கும் ஒரே இரவில் பெருங்கூட்டம் ஒற்றையடிப் பாதையில் ஏறுவதைவிட, சபரிமலையைப் போல முன்பதிவும் எண்ணிக்கை வரம்பும் இருப்பதே பக்தர்களுக்கும் காட்டுக்கும் நல்லது. பக்தர் தன் பங்குக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். தீப்பெட்டியைப் பூண்டியிலேயே விட்டுவிட வேண்டும். பீடியும் வேண்டாம், வழியெங்கும் கற்பூரமும் வேண்டாம்.

அடிவாரத்தில் வனத்துறையினர் பைகளைச் சோதித்து, பிஸ்கட், மிட்டாய் உறைகளைப் பிரித்துத் தாளில் மாற்றித் தருகிறார்கள். தண்ணீர்ப் பாட்டிலுக்கு ஒட்டுவில்லை ஒட்டி 20 ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டு, திரும்பக் கொண்டுவந்தால் கொடுத்துவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனாலும் நெகிழிக் குப்பை மேலே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கிறது. தன்னார்வலர்கள் ஒவ்வொரு பருவத்திலும் மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள். அங்கே வீசப்படும் உறை சுனையை அடைக்கிறது. உப்பு ருசிக்காக யானை வயிற்றுக்குள்ளும் மானின் வயிற்றுக்குள்ளும் போகிறது. கடைமடையில் ஆகாயத்தாமரையும் நெகிழியும் அடைத்த மதகைத் தோளளவு தண்ணீரில் இறங்கிச் சுத்தம் செய்கிற விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நம் குன்றுகளில் பழகுவோம்

மலையே இல்லாத ஊர்க்காரர் எங்கே போய்ப் பழகுவது? நம் மாவட்டத்திலேயே இடம் இருக்கிறது. திருச்சி சாலையில் நார்த்தாமலை. ஒன்பது குன்றுகள் கூடிய பாறைத்தொடர் அது. மேலமலையின் வெறும்பாறையில் நடந்து ஏறினால் விஜயாலய சோழீசுவரம். முத்தரையர் தலைவன் சாத்தன் பூதி கட்டியதாகவும், மழையில் இடிந்ததை மல்லன் விடுமன் புதுப்பித்ததாகவும் கல்வெட்டு சொல்லும் கோயில். எதிரே இரண்டு குடைவரைகள். ஒன்று பழியிலீசுவரம், மற்றதில் ஆளுயரத் திருமால் உருவங்கள் பன்னிரண்டு சுவரிலிருந்து வெளிப்பட்டு நிற்கின்றன. இன்னொரு பக்கம் சித்தன்னவாசல். அறிவர் கோயிலின் தாமரைக்குள ஓவியத்தைப் பார்க்க வருகிறவர்கள் பலரும் அதோடு திரும்பிவிடுகிறார்கள். குன்றின் மேலேறி மறுபக்கச் சரிவில் ஏழடிப்பட்டத்துக்குப் போக வேண்டும். சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் பதினேழு. அவற்றில் ஒன்றில் தமிழ்ப் பிராமி எழுத்து. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாறையில் ஏறி இறங்கியவர்களுக்கு இருந்த காலும் மூச்சும்தான் நமக்கும் இருக்கின்றன. பழக்கந்தான் இல்லை.

இங்கே பெண்களும் பிள்ளைகளும் சேர்ந்தே வரலாம். விடியற்காலையில் தொடங்கி எட்டு, எட்டரை மணிக்குள் இறங்கிவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் அதற்கு மேல் கருங்கல் பாறை காலையும் பொசுக்கும், அனலை முகத்திலும் அடிக்கும். இரண்டு குன்றும் உயரத்தில் வெள்ளியங்கிரிக்கு அருகில்கூட வராது. ஆனால் பாறையில் காலூன்றுவதையும், மூச்சு வாங்கும்போது பேச முடிகிற அளவுக்கு வேகத்தைக் குறைப்பதையும், இறக்கத்தில் முழங்காலை மடக்கிப் பாரம் தாங்குவதையும் அவை சொல்லித்தரும். திருச்சிக்குப் போகிறவர்கள் உச்சிப்பிள்ளையார் கோயிலின் நானூறுக்கு மேற்பட்ட படிகளை நிற்காமல் ஏறிப் பார்க்கலாம். அங்கேயே இரண்டு இடத்தில் உட்கார நேர்ந்தால் வெள்ளியங்கிரிக்கு இன்னும் ஆயத்தமாகவில்லை என்று பொருள்.

கட்டுச்சோறு கட்டிப் பழகிய நமக்குச் சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். புளிச்சோறு, கடலைமிட்டாய், பேரீச்சம்பழம், உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீர் போதும். உடுத்த ஒன்று, உச்சிக்கு மாற்றிக்கொள்ள ஒரு காய்ந்த சட்டை, ஒரு சால்வை, கைவிளக்கு. வேனில் போகிறவர்கள் பூண்டியில் ஓர் இரவு தூங்கி எழுந்து ஏறுவதாகத் திட்டமிட வேண்டும். ஒரு நாள் வாடகை கூடும், கூடட்டும்.

தை அறுப்பு முடிந்து மாசியில் சிவராத்திரி வருவதற்குள் இடையில் பல வாரங்கள் கிடைக்கின்றன. அந்த வாரங்களில் தினமும் காலையில் கண்மாய்க் கரையில் வேக நடை, ஞாயிற்றுக்கிழமைகளில் நார்த்தாமலையோ சித்தன்னவாசலோ. அதற்கும் முன்னால், நாற்பது வயது தாண்டிய ஒவ்வொருவரும் அரசு மருத்துவமனைக்குப் போய் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈ.சி.ஜி. மூன்றும் பார்த்துக்கொண்டு மருத்துவரிடம் “மலை ஏறலாமா?” என்று நேராகக் கேட்டுவிட வேண்டும். வேனுக்கு முன்பணம் கொடுப்பது அதன் பிறகு இருக்கட்டும்.